செப்டிமஸ் என்கிற ஏழாம் பிள்ளை

என் வீட்டுக்காரர் செப்டிமஸ் யாண்டிலுக்கு மருவைக் கண்டாலே குமட்டும். அந்த மனுஷனிடம்தான் இங்கிலாந்தின் சோமர்செட்டில் எங்கள் பக்கத்து ஜனம் அத்தனையும் மருவைத் தூக்கிக்கொண்டு வந்தது. எல்லாம் பேர் செய்த வேலை.

செப்டிமஸ் என்றால் ரோமாபுரிக்காரர்கள் பாஷையில் ஏழாவது. மூத்தவள் கெசையா ஒருத்திதான் பெண்; பிறகு வரிசையாகப் பையன்கள். ஞானஸ்நானத்தன்று பாதிரியார், "இடையில ஒரு பெண்கூட இல்லாம ஏழு பையன்களா!" என்று பூரித்துப்போய், என் மாமியார் வாயைத் திறக்குமுன் அந்தப் பேரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றிவிட்டாராம். அந்தக் காலத்தில் இரண்டு ஊருக்கு ஒரு செப்டிமஸ் இருப்பான். பெரிய பண்ணை வீட்டில் எட்டாவதாகப் பிறந்த ஆக்டேவியஸ்கூட ஒருவர் இருந்தார். இப்போது எங்கே? பேரில் குற்றமில்லை, ஏழு பெறத்தான் ஆளில்லை. இரண்டோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பேத்திகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஏழாம் பையன் தொட்டால் மரு விழும் என்பது ஊர் நம்பிக்கை. அவன் வெறும் வயிற்றோடு தொடவேண்டும், காசு வாங்கக் கூடாது. யாராவது நன்றி சொல்லிவிட்டால் மரு திரும்பி வந்துவிடும். ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டியும் தேநீரும் மேசையில் ஆறிக்கொண்டிருக்க, இவர் வாசலில் நின்று ஊரார் விரலைத் தடவுவார். காரியம் முடிந்ததும் அவர்கள் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

ஒருநாள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ப் புலம்பியிருக்கிறார்.

"என்னை எதுக்கும்மா ஏழாவது பையனாப் பெத்த?"

"யாருடா உன்னை ஏழாவது பையனாப் பெத்தது? நீ ஆறாவது. உனக்கு மேல இருக்கானே ஆமோஸ், அவன் கெசையா பெத்த புள்ள. பெரிய வீட்டுல வேலைக்குப் போனவ வயித்தோட வந்து நின்னா. நான்தான் பாவாடைக்குள்ள தலகாணியக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு தடவ சர்ச்சுல முழங்கால் போட்டு எழுந்தா, அது முதுகுப் பக்கம் போயிருச்சு. பாதிரியாருக்குக் கண்ணு மங்கல், பொழச்சேன்."

ஆமோஸும் இல்லை, கெசையாவும் இல்லை இப்போது. அதனால்தான் சொல்கிறேன். அன்றைக்கு இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் குதித்துக்கொண்டு வந்தார்.

"திர்சா! நான் ஆறாவது! தப்பிச்சேன்! ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு உள்ள வந்து சூடாச் சாப்பிடப் போறேன்."

"ஆமோஸ் கதை வெளிய வந்துருமே?"

"அவன் பேரையே எடுக்கமாட்டேன். ஆறாவதுன்னு மட்டும் சொல்லுவேன்."

"ஆறுன்னா ஒண்ணு குறையுதுல்ல? எது குறையுதுன்னு பாப்ஜாய் அம்மா கேக்கமாட்டாளா?"

அந்தம்மா மகளைத்தான் ஆமோஸுக்குப் பேசி முடித்திருந்தது. பிறந்த கதை தெரிந்தால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். கெசையா ஊரில் தலைகாட்ட முடியாது. அவளை அம்மா என்று ஒருநாள்கூடக் கூப்பிடாத ஆமோஸுக்கு அது அன்றைக்குத்தான் தெரியவரும். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. சூடான ரொட்டி நினைப்பு அப்படி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் ஆளாக நின்றதே பாப்ஜாய் அம்மாதான், மகளோடு. மோதிரம் போடுகிற விரலிலேயே பட்டாணி கணக்காக ஒரு மரு. முட்டைக் கூடையோடு வந்த கெசையாவும் வேலியோரம் நின்றாள்.

"இனிமே என்கிட்ட வராதீங்கம்மா," என்றார் இவர். "நான் ஏழாவது இல்ல."

"இது என்ன புதுக் கதை? எண்ணிட்டாப் போச்சு." அந்தம்மா மூத்தவனிலிருந்து ஒவ்வொரு பேராகச் சொல்லி விரலை மடக்கியது. ஒரு கை முடிந்தது. "அப்புறம் நம்ம மாப்பிள்ளை ஆமோஸ். அப்புறம் நீ. ஏழுதானே வருது? இதுல யாரை உங்கம்மா பெக்கலைங்கற?"

தன் பேச்சுக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கெசையா சிரிக்கவில்லை. முட்டைக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏன் கெசையா, உனக்கென்ன ஆச்சு? மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்று அந்தம்மா அவள் பக்கம் திரும்பியது.

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். கதவு வழியாக ரொட்டியைப் பார்த்தார். மறுபடியும் அக்காவைப் பார்த்தார்.

"பசி மயக்கத்துல உளறிட்டேன், அம்மா," என்று கத்தினார். "ஏழுதான். சத்தியமா ஏழு. என்னை எவனாவது ஆறுன்னு சொன்னா பல்லப் பேத்துருவேன். பாப்பா, கையக் குடு."

இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை.

"ஐயோ, விரலே கழண்டுரும்!" என்று அந்தப் பெண் அலறினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மரு விழுந்துவிட்டது. மோதிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆறாவது ஆள் தொட்டு எப்படி விழும் என்று என்னிடம் கேட்டால், விழுந்தது என்பேன். என் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

பாப்ஜாய் அம்மா சும்மா இருக்குமா? மூன்று சந்தைக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தம்பி தனக்காகச் சத்தியம் செய்ததைப் பற்றிக் கெசையா ஒரு வார்த்தை பேசவில்லை, சாகும்வரை பேசவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, துடைப்பத்தோடு கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். வழுக்கைத் தலையை நீட்டிக்கொண்டு ஒருவன் உள்ளே நுழையப் பார்த்தான்.

"மரு மட்டுந்தான்," என்றாள் கெசையா. "உன் மொட்டை மண்டைக்கெல்லாம் என் தம்பி பட்டினி கிடக்கமாட்டான். போய்யா அங்கிட்டு!"