சொரசொரப்பு வெளியே

வேட்டியோ போர்வையோ அழுக்கானால் தண்ணீரில் போட்டு ஒரு வழி பண்ணிவிடலாம். தோல் ஜாக்கெட் வந்தால்தான் சலவைக் கடைக்காரியான எனக்குத் திண்டாட்டம்.

நாகர்கோவில் வெக்கையில் யார் ஜாக்கெட் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். கப்பலில் போனவர், கனடாவில் மகன் இருப்பவர், பைக்கில் லடாக் சுற்றி வந்தவர் எல்லார் அலமாரியிலும் ஒன்று தொங்குகிறது. அதிலும் சொரசொரப்பான பக்கம் வெளியே தெரிகிற ஜாக்கெட் இருக்கிறதே, அதை வைத்திருப்பவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

பிளேடு

பூதப்பாண்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஜாக்கெட்டை மேஜையில் போட்டு, "தச்சவன் உள்பக்கத்த வெளிய வச்சுத் தச்சுட்டான். பிரிச்சுத் திருப்பித் தச்சுத் தரணும்" என்றார். கைமடிப்பில் இரண்டு அங்குலம் அவரே பிரித்தும் இருந்தார். சட்டென்று ஜாக்கெட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இந்த ரகமே இப்படித்தான், விலையும் இதற்குத்தான் கூடுதல் என்று சொல்லி, செல்போனில் நாலு படம் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். பிரிந்தது தையல் மட்டும்தான், தோலில் கீறல் இல்லை. பழைய ஓட்டை வழியாகவே நூல் ஓட்டிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, நீளமாக மூச்சு விட்டுச் சொன்னார்: "நல்ல வேள, பிளேடு மொட்டையா இருந்துது."

வலது கை

குளச்சல் செலின் அழுதுகொண்டே வந்தாள். கணவர் கப்பலில் வேலை. நாலு நாளில் விடுமுறைக்கு வருகிறார். அவர் ஆசையாக வாங்கிய ஜாக்கெட் மடித்து வைத்ததில் விறைத்துக் கிடந்தது. "எண்ண தேச்சா இளகும்ணு நெனச்சேன் அக்கா." வலது கை முழுக்கத் தேங்காய் எண்ணெய். மணல் நிற ஜாக்கெட்டில் அந்தக் கை மட்டும் கருப்பட்டி நிறம்.

சோளமாவைத் தூவி ஒரு நாள் வைத்தேன். மாவு எண்ணெயைக் குடித்தது. தட்டிவிட்டு மறுபடியும் தூவினேன். பிசுபிசுப்பு போனது, கறை போகவில்லை. மூன்றாம் நாள் செலினுக்கு போன் போட்டேன். "கறுத்த கையை வெளுக்க என்னால முடியாது. மத்த இடத்த அந்த நிறத்துக்குக் கொண்டுவர முடியும். செய்யட்டா?" "ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்குமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "செய்யுங்க" என்றாள்.

தோலுக்குப் பூசும் கண்டிஷனரை உள்மடிப்பில் தொட்டு, அதே நிறத்துக்குக் கறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லிசாக எல்லா இடத்திலும் தேய்த்தேன். வெயில் காட்டாமல் ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டேன். காய்ந்ததும் படுத்துப்போன சொரசொரப்பை பிரஷ்ஷால் ஒரே திசையில் எழுப்பினேன். இரண்டு கையும் ஒரே நிறம்!

வாங்க வந்தது செலினின் கணவர். நடந்ததை அவள் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். அவர் ஜாக்கெட்டை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டுக் கண்ணாடி முன் நின்றார். "முன்ன இது கடைப் பொம்மைக்குப் போட்ட மாதிரி இருந்துது அக்கா. இப்பதான் கடலுக்குப் போறவன் ஜாக்கெட் மாதிரி இருக்கு."

என் தவறு

அடுத்தவர் தவறையே சொன்னால் நியாயமில்லை. ஐப்பசி மழையில், ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் ராஜாக்கமங்கலத்துப் பெண் ஒருத்தி ஜாக்கெட்டைத் துடைக்கக் கொடுத்தாள். வேலையை முடித்து, தூசி படாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டினேன். ஒரு வாரம் கழித்து, அவள் வரும் நாள் காலையில் திறந்தால் காலர் முழுக்க வெள்ளைப் பூஞ்சை.

இஸ்திரி போடும் செல்வியும் நானும் அதை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டை லேசாகத் துணியில் தொட்டு ஒற்றி, காற்றில் ஆறவிட்டோம். மதியத்துக்குள் வெள்ளை போய்விட்டது, வாடையும் இல்லை. அந்தப் பெண் வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்: "எங்க வீட்டுல என் நர்சிங் சர்ட்டிபிகேட்டே பூத்துட்டு அக்கா. இது ஜாக்கெட்டுதானே, விடுங்க."

மழையும் உப்புக்காற்றும்கூட இந்த ஜாக்கெட்டுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கின்றன, அவற்றின்மேல் அக்கறைப்பட்டு ஏதாவது செய்து பார்க்கிற நம்மிடமிருந்துதான் அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.