ஏழு பத்துக்கு வந்த குரல்

நிந்தவூரில் ஜெனூபாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல தையல்காரி, பொல்லாத வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். கொடுத்த அளவை மாற்றிச் சொன்னால் கலியாணப் பெண் என்றும் பாராமல் ஏசுவாள். மறதி என்பது அவளுக்குக் கிடையாது. என் மகளின் கலியாணத்தில் தனக்குச் சோற்றுச் சஹன் தட்டு பிந்தி வந்ததைப் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டினாள். அவள் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

அவள் புருஷன் ஸிராஜ் அதற்கு நேர்மாறு, வாயில்லாத மனுஷன். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு போவார். அதைப் பார்த்துப் பெடியன்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தவரை, காரைதீவு தாண்டி, பின்னால் வந்த வேன் அடித்துத் தூக்கி எறிந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. ஓட்டியவன் மருதமுனை றிம்சான். எங்களை அக்கரைப்பற்றுக்கு வேலைக்கு ஏற்றிப் போகிறவன். சைக்கிள் குறுக்கே பாய்ந்தது என்றான். வேனுக்குள் இருந்த நாலு பேரும் நித்திரையாம்.

ஆஸ்பத்திரியில் அறுப்பார்கள், மையித்து நாளைக்குத்தான் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு அது போதும். அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட வேண்டும் என்ற அவதியில், சைக்கிள்தான் குறுக்கே வந்தது, எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை என்று பொலிசில் எழுதிக் கொடுத்து ஜெனூபாவின் கூடப்பிறந்த காக்கா கையெழுத்து வைத்தார். அஸருக்கு முன் அடக்கியும் விட்டார்கள். இரண்டு கிழமையில் றிம்சான் பழையபடி வேன் ஓட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

ஜெனூபா புருஷனுக்காக இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள், வாசற்படி தாண்ட முடியாது. அந்திக்கு நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன்.

"குறுக்க பாயிற மனிசனா ராத்தா அவர்?" என்று கேட்பாள். அக்கா முறையில் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். "சைக்கிள உருட்டிக்கிட்டு ரோட்டக் கடக்கிற மனிசன். பொய் சொல்லிப் புதைச்சுட்டாங்க. அந்தக் காயிதத்தக் கிழிக்காம நான் மவுத்தாக மாட்டன்."

நாற்பதாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வேனில் போய்வருகிற எங்களுக்கு ஒரு வாட்சப் குறூப் இருந்தது. விபத்தோடு அதைக் கலைத்துவிட்டு எல்லோரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை. அதிலிருந்த றிம்சானின் குரல் பதிவு ஒன்றை அவளுக்கு அனுப்பினேன்.

"காரைதீவு தாண்டிட்டன் ராத்தா, கேற்றடியில நில்லுங்க, இந்தா வந்..." அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தம். போனை அமத்திப் பிடித்துக் கதைத்திருக்கிறான், மோதியதும் கை விட்டிருக்கிறது, பதிவு தானாகவே வந்து விழுந்துவிட்டது.

ஜெனூபா அழவில்லை. மூன்று முறை கேட்டாள்.

"எந்த ராத்தாட்ட சொல்றான்?"

"குறூப்பில நெறய ராத்தாமார் புள்ள" என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் பின்னால் அதைப் போட்டுக் கேட்டாள். மூன்றாம் மாதம் எங்கள் குடிக்குப் பெரியவரான மரைக்கார் சீனிமுகம்மது, றிம்சானின் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளும் எங்கள் குடிதான். திரைச்சீலைக்கு வெளியே இருந்து, "எல்லாம் கத்ர் மகள், அல்லாஹ் எழுதினது, பொறுத்துக்கொள்ளுங்க" என்றார் மரைக்கார்.

"இத்தா முடியட்டும், மறுகா சொல்றன்" என்றாள் ஜெனூபா உள்ளே இருந்து. சம்மதம் என்று நினைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இத்தா முடிந்த அன்று குளித்தாள். சொந்தக்காரர் சாப்பாட்டோடு வந்துகொண்டிருக்க, அவள் ஆட்டோ பிடித்துப் பொலிசுக்குப் போனாள். காக்கா குறுக்கே நின்று மறித்தார். "நீங்க போட்ட கையெழுத்துக்குத்தான் போறன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

பிறகு பொலிஸ் என்னிடமும் வந்தது. பதிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டு என் போனை வாங்கிப் போனார்கள். சத்தத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று துஆக் கேட்டேன்.

நீதவான் கோட்டில் றிம்சான் கூண்டில் நின்றான். இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். சொல்ல வெட்கமில்லை, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கவனமில்லாமல் ஓட்டி உயிர் போக்கியது, ஓட்டும்போது போன் பாவித்தது என்று குற்றங்களை வாசித்தார்கள். பொலிஸ்காரர் குறூப்பில் அன்று காலை வந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஏழு ஒன்பது, பரீனா: தம்பி எங்க இரிக்கிங்க? ஏழு ஒன்பது, பரீனா: பதில் சொல்லுங்க தம்பி, எனக்கு ஒபிஸ் பிந்துது. ஏழு பத்து, றிம்சான்: குரல் பதிவு."

நான் ஒவ்வொரு நாளும் கேட்பதுதான். அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரியும், தெரிந்துதான் கேட்பேன். ஐந்து நிமிஷம் வெயிலில் நிற்க எனக்கு ஏலாது.

முன் வாங்குப் பலகையில் இருந்த ஜெனூபா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். றிம்சானைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இரண்டு வருஷச் சிறை, லைசன்ஸ் ரத்து. வெளியே வந்து லோயரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "மெசேஜ் போட்டதுக்கு உங்கள ஒண்டும் செய்ய ஏலாது, பயப்பிடாதீங்க" என்றார். நிம்மதியாகத் திரும்பினேன். ஜெனூபா பின்னால்தான் நின்றாள். ஸலாம் சொன்னேன். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அது நடந்து எட்டு மாதம். இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஏசினாலும் ஆறுதலாக இருக்கும். காலை ஏழு பத்துக்கு நான் ஒபிசுக்கு வெளிக்கிட்டுக் கேற்றைத் திறக்கும்போது மட்டும், மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் போன் உச்சச் சத்தத்தில் கேட்கும். "கேற்றடியில நில்லுங்க, இந்தா வந்..." பிறகு அந்தச் சத்தம்.

அவனுக்கு இரண்டு வருஷம். எனக்கு எத்தனை என்று அவள் இன்னும் சொல்லவில்லை.