மடித்துவிட்ட வலது கை

முதலாளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமல்ல, அவருடைய வலது சட்டைக் கைதான். இடது கை மணிக்கட்டில் பட்டன் போட்டு ஒழுங்காக இருக்கும். வலது கை மட்டும் முழங்கைக்கு மேலே சுருட்டி ஏற்றியிருக்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான் வருவார். ஒரு கை ஆபீசுக்கும் இன்னொரு கை வயலுக்கும் போகிறது என்று, காய் பொறுக்குகிற பெண்கள் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கிற சின்னக் கடை அவருடையது. பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கி. அதில் சுளகும் சல்லடையுமாக நாங்கள் பதினோரு பேர். போடிமெட்டிலிருந்து ஜீப் இறங்கி வந்து மூட்டைகளைப் போட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுவார். மூட்டையின் வாயைப் பிரித்தால் மேலே பச்சைப் பசேலென்று கிடக்கும் காயை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். "அது பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் போட்ட பவுடரு" என்பார். வலது கையைத் தோள் வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, காதருகே வைத்துக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்த காய்க்குள் விதை கலகலக்கும். ஈரம் மிச்சமிருந்தால் ஊமையாக இருக்கும். அந்தப் பிடிக்கு எங்கள் கிட்டங்கியில் அடிக்காய் என்று பெயர். அடிக்காய் பார்க்காமல் அங்கே ஒரு மூட்டையும் எடைக்கு ஏறியதில்லை. சொந்த மச்சினன் தோட்டத்துக் காய் வந்த அன்றைக்கும் கை உள்ளே போனது. மச்சினன் முகம் சுண்டிப்போய் நின்றார். "நீ என் மச்சினன்னு காய்க்குத் தெரியாதுல்ல மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே முதலாளி குலுக்கினார்.

அந்தக் கைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. மதுரை மிட்டாய்க் கடைக்காரர்கள் அவர் அனுப்பிய சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினார்கள். கடைக்குப் புதுப் பலகை வந்தது, கண்ணாடி அறை வந்தது, ஏசி வந்தது. வியாபாரிகள் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அதெல்லாம் அவர் உழைப்புக்குக் கிடைத்தது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் அவர் இரண்டு கைக்கும் பட்டன் போட்டு வந்தார். வலது மணிக்கட்டில் தங்க நிறத்தில் ஒரு கடிகாரம். அன்றைக்கு வந்த மூட்டைகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துத் தலையசைத்தார். மறுநாளும் அப்படித்தான். பார்க்க வருகிறவர்களிடம் பெருமையாக ஒன்று சொல்லத் தொடங்கினார். "நான் இப்பல்லாம் காயைப் பாக்குறதில்லண்ணே, ஆளைத்தான் பாக்குறேன்." அதற்குத் தலையாட்ட நாலு பேர். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் ஆளைப் பார்த்தால் அங்கே காய் காய்ந்துவிடுமா? கை உள்ளே போவது நின்றுவிட்டது என்று மலைக்காரர்களுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? ஒரு ஜீப் டிரைவர் வாயைத் திறந்தால் போதும். மூட்டையின் அடியில் வெடித்த காய், பிஞ்சுக்காய், ஈரக்காய் என்று வர ஆரம்பித்தது. அனுப்பியவர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. கதவைத் திறந்து போட்டவர் மேல்தான் கோபம்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. தீபாவளிக்கு மதுரைக்கு லோடு போக வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவளைப் பெரியக்கா என்போம். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறவள். அவள் ஒரு பிடி எடுத்துக் குலுக்கிவிட்டு என் காதருகே நீட்டினாள். சத்தமே இல்லை. இரண்டு பேருமாகக் கண்ணாடி அறைக்குப் போனோம். முதலாளி பொன்னாடைப் படத்துக்குச் சட்டம் போட வந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அடிக்காய் ஊமையா இருக்கு மொதலாளி, திருப்பி அனுப்பிருவோம்" என்றாள் பெரியக்கா.

"அது யாரு காய்னு தெரியும்ல? எத்தன வருசப் பழக்கம்! கலந்து மூட்டையக் கட்டுங்க. வெரசா போயி சோலியப் பாருங்க." அவள் நீட்டிய கையை அவர் பார்க்கக்கூட இல்லை.

பத்து நாளில் அந்தச் சரக்கு பூசணம் பூத்துத் திரும்பி வந்தது. கூடவே மிட்டாய்க் கடையின் ஆள் ஒருவரும் வந்தார். அவர் முன்னால் எங்கள் பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தினார் முதலாளி. "இவளுகளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுண்ணே. ஆளை மாத்திர்றேன்" என்று சொல்லிவிட்டு, பெரியக்காவைப் பார்த்து வாசலைக் காட்டினார். "நாங்க அன்னைக்கே வந்து சொன்னோமே மொதலாளி" என்றேன். அவர் வலது கைப் பட்டனைச் சரிசெய்துகொண்டார். பெரியக்கா சேலை மடியை உதறினாள். ஒரு காய் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அதைச் சுளகில் போட்டுவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவளுக்குத் திருட்டுப்பட்டம் ஒன்றுதான் அவர் கட்டவில்லை. நஷ்டம் எல்லாருக்கும் வருவதுதான். தன் கை சோம்பிப்போனதற்கு ஊரான் கண்ணைப் பழிசொன்னாரே, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மறுநாளே நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். மதுரைக்காரர்கள் ஒவ்வொருவராக அவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கடையைச் சாய்க்க அது போதுமாயிருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள்.

பிறகு நானே ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்துச் சின்னதாகத் தொழில் தொடங்கினேன். கூட ஐந்து பெண்கள். மூட்டை வந்ததும் வலது கை வளையல்களைக் கழற்றிச் சுளகில் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுவேன். முதலாளி கதையை இவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் கோபம் வரும், அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. போன மாதம் வங்கிக்காரர்கள் நடத்திய மகளிர் தினக் கூட்டத்தில் என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். அங்கேயும் இதையே சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

நேற்று மதுரையிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. பூசணம். கொட்டகைக்குள் போன வேகத்தில், பொறுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கத்தினேன். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

அவள் சுளகிலிருந்து கையை எடுக்கவில்லை. "போன வாரமே கொண்டாந்து காட்டுனேனேக்கா. நீங்க போன்ல பேசிக்கிட்டிருந்தீக. தேவாரத்து அண்ணே தோட்டத்துக் காய்தானே, ஆளைப் பாத்தாப் போதும்னு சொன்னீக."

மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்ன அதே வார்த்தையை, நான் வாய்கிழியக் கேலி செய்த அதே வார்த்தையை. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்குக் காலையில் அதே தேவாரம் ஊர்க்கார அண்ணன் தன் மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பிய புது மூட்டைகள் சுவரோரம் இருந்தன. வளையலைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை மாதமாகக் கழற்றவில்லையோ, கை பருத்திருந்தது. முதலாளிக்காவது வெறும் பட்டன்தான், அவிழ்த்தால் அவிழ்ந்திருக்கும்.

"சோப்பு கொண்டாரட்டுமாக்கா?" என்று எழுந்தாள் அவள்.

"கொண்டா. உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல ஆத்தா, நாந்தான் பாக்கல" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரியக்காவுக்கு யாரும் சொல்லாதது அது.

சோப்பு போட்டு இழுத்ததில் தோல் உரிந்து வளையல் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைத் தோள் வரை முதல் மூட்டைக்குள் விட்டேன். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை.