ஜெனியின் கணக்குப் பரீட்சைக்கு நான் இருந்த உபவாசம்

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. என் மகள் போன் செய்து, "ம்மா, நான் படிப்ப விட்டுட்டு வந்துருதேன்" என்றாள்.

மூணாறு பக்கம் சூரியநெல்லியில் தேயிலை எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் கையில் இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"கணக்குல திரும்பவும் போச்சும்மா. முப்பதுக்கு ஏழு. நான் ஏலக்காய் எடுக்கப் போறேன். ஒனக்கும் அலைச்சல் இல்ல."

என்ன சொல்லித் தேற்றினேன் என்று இன்றும் நினைவில்லை. பிள்ளைகளுக்காக முழங்காலில் நிற்கும் என் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததையும், அதற்கு முன்னால் நான் செய்த தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜெனி எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசல் மிதித்தவள் அவள்தான். பத்தாவது வரை எஸ்டேட் பள்ளியில் தமிழில் படித்தாள். பிளஸ் டூவில் கணக்கே எடுக்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இடமும் ஹாஸ்டலும் கிடைத்தபோது, கடைசிப் படி ஏறிவிட்டோம் என்று நினைத்தேன்.

சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் ஒரு கணக்குத் தேர்வு வைத்தார்கள். பின்னம், சதவீதம், மைனஸ் எண்கள், எளிய சமன்பாடுகள். அதில் குறைந்த மார்க் வாங்கியவர்களைத் தனியாக எடுத்து, தினமும் காலை எட்டரைக்கு ரெமடியல் கிளாஸ். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த அறை. அங்கே வைக்கும் தேர்வில் தேறினால்தான் மற்றவர்களோடு உட்கார்ந்து மேற்கொண்டு கணக்கு படிக்க முடியும். தேறாவிட்டால் அந்தப் படிப்பில் இடமில்லை.

மற்ற பிள்ளைகள் அதற்கு "மண்டன்மார் கிளாஸ்" என்று பெயர் வைத்திருந்தார்களாம். மலையாளத்தில் மண்டன் என்றால் முட்டாள். ஜெனி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்னதில் விழுந்து முட்டி உடைந்து வரும்போதும் அப்படித்தான் சிரிப்பாள்.

பாடம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. மிஸ் நல்லவர். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "மனசிலாயோ?" என்று கேட்பார். புரிந்ததா என்று அர்த்தம். ஜெனி எல்லாரோடும் சேர்ந்து "ஆயி மிஸ்" என்பாள். ஒன்றும் ஆகியிருக்காது.

நவம்பரில் நடந்த முதல் தேர்வில் தோற்றாள். நான் என்ன செய்தேன்? ஞாயிறு ஆராதனையில், விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "என் மகள் கணக்கில் தேற வேண்டும், எல்லாரும் ஜெபியுங்கள்" என்று அழுதேன். பிப்ரவரியில் இரண்டாவது தேர்வு வந்தபோது, திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள் உபவாசம் எடுத்தேன். புதன்தான் தேர்வு. உபவாசம் எனக்குப் புதிதல்ல. என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். ஒரு மழைக்காலத்தில் வண்டி பள்ளத்தில் சரிந்தபோது நான் பட்டினி இருந்து ஜெபித்து அவரைத் திரும்பப் பெற்றேன். அந்தத் தைரியத்தில் மகளிடமும் சொன்னேன்.

"ஏட்டி, நீயும் என்கூட உபவாசம் இரு. ஆண்டவர் பாத்துக்கிடுவார்."

அவள் சரி என்றாள். எத்தனை வேளை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதன் மாலை அவள் குரல் சோர்ந்திருந்தது. தேர்வுக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்க் தெரிந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே, மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது.

"ஜெனி அம்மாங்களா? நான் முதலமடையிலிருந்து பேசறனுங்க. காவ்யாவோட அம்மா, சரஸ்வதி."

காவ்யா ஜெனியோடு ரெமடியல் கிளாஸில் இருக்கும் பெண். தினமும் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்லூரிக்குப் பக்கத்தில் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அவள் அம்மாவோடு நான் பேசியதே இல்லை.

"சொல்லுங்கம்மா."

"ஏனுங்க, கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க. புள்ளைய மூணு நாள் பட்டினி போட்டாக் கணக்கு வந்துருமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இது எங்க விசுவாசம். ஒங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. "சரிங்க. சாமி உங்க சாமிதானுங்க. வவுறு புள்ளையோடதுங்களே."

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். ஜெனி மூன்று நாளும் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. புதன்கிழமை தேர்வில் நாலாவது கணக்கு போடும்போது கண் இருட்டி பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். மிஸ் முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். அப்போதும் என் மகள் காரணம் சொல்லவில்லை. காவ்யாதான் அவளை ஸ்கூட்டரில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள்.

"தயிர்சோத்தப் பெசஞ்சு நாந்தானுங்க ஊட்டி உட்டேன். எங்கம்மா உபவாசம் முடிக்கலீங்கன்னு ஒரே அழுகை. இன்னிக்கு மார்க் வந்ததும் மறுபடி இங்க கூட்டியாந்துட்டா காவ்யா. மிஸ்ஸு நல்ல மனசுங்க, திங்கக்கெழமை இன்னொருக்கா டெஸ்ட் எழுதச் சொல்லியிருக்காங்க. இவ ஊட்டுக்குப் போறேன்னு நிக்கறா. நீங்க வர்ற வரைக்கும் எங்கூட்டுலயே இருக்கட்டும், வந்து சொல்லுங்க."

காப்பகத்துக்குப் பின்னால் போய் முழங்கால்படியிட்டேன். அந்தப் புதன்கிழமை மத்தியானம் நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு அங்கே யாருமில்லை. யாரையாவது அனுப்பும்" என்றுதான் கேட்டேன். நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் பெயர்கூடத் தெரியாத ஒரு தாய் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பதில் அன்றைக்கே வந்துவிட்டது. வந்தது தெரியாமல் ஆறு நாள் அழுதுகொண்டிருந்தேன். வந்தவளிடமும் வெடுக்கென்று பேசிவிட்டேன்.

இறந்துபோன சிறுமியின் கையைப் பிடித்து நம் ஆண்டவர் எழுப்பிய நாள் நினைவுக்கு வந்தது. எழுப்பியதும் சுற்றி நின்றவர்களிடம் அவர் சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான். எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். அந்த இடம் என் காதில் விழுந்ததே இல்லை.

அன்று மாலை என் வீட்டுக்காரர், "கூட்டிட்டு வந்துரு. பிள்ள நல்லா இருந்தாப் போதும், படிப்பு வேண்டாம்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவளுடைய போர்வை, துணிமணிகளைக் கொண்டுவர ஒரு பெரிய காலிப் பையை மடித்து எடுத்துக்கொண்டேன். காப்பகத்தில் மாற்று ஆள் கிடைத்தது வெள்ளிக்கிழமைதான். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி முதலமடை போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பஸ்ஸில் ஒரே ஜெபம்தான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீரே சொல்லும்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் முதல் பறிப்பு மாங்காய் குவிந்து கிடந்தது. காவ்யாவும் ஜெனியும் அதன் நடுவில் உட்கார்ந்து, பெரியது சிறியது பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மடியில் நோட்டு. ஜெனி தமிழில் காவ்யாவுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கூடையோட சேத்து எடை இருபத்தேழு கிலோ. வெறுங்கூட ரெண்டு. அப்ப மாங்கா எவ்வளவு? அதாம்ட்டி எக்ஸ். எங்க எஸ்டேட்ல கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்குக் கழிப்பாங்கல்ல, அதேதான்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? ஆயி மிஸ், ஆயி மிஸ்னு தலையாட்டுனியே!" என்றாள் காவ்யா.

நான் வாசலில் நின்றுவிட்டேன். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். அவள் மொழியில், வயிற்றில் சோறோடு, பயமில்லாமல் ஒருத்தியிடம் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான்.

ஜெனி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த பையையும் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போக வந்தியாம்மா?"

"சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டேன். கட்டிக்கொண்டு அழுதோம். "என்ன மன்னிச்சிரு பிள்ள. நாந்தான் ஒன்னப் பட்டினி போட்டேன்" என்றேன்.

"எனக்காக ஜெபம் பண்ணும்மா, வேண்டாங்கல. ஆனா சபையில எந்திரிச்சு நின்னு சொல்லாத. லீவுக்கு வந்தா சூரியநெல்லி பூரா என்கிட்ட வாய்ப்பாடு கேக்குது."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "எழுதுதியா, வீட்டுக்கு வாரியா? நீ சொல்றதுதான்" என்றேன். அவள் நோட்டைப் பார்த்தாள். "எழுதிப் பாக்கேன். நீ இங்கயே இரு."

மூன்று நாள் அந்த வீட்டில் தங்கினேன். எனக்கும் அவள் சமன்பாடு சொல்லிக் கொடுத்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத இடத்தில் தலையாட்டாமல், "புரியல, திரும்பச் சொல்லு" என்றேன். அவள் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

திங்கள் காலை சரஸ்வதியம்மா இட்லி வைத்துக்கொண்டே இருந்தார். "இன்னொண்ணு போட்டுக்க கண்ணு. மைனஸ் போடறதுக்கும் தெம்பு வேணும்." என் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்தார். கல்லூரி வாசலில் மர நிழலில் உட்கார்ந்து அந்த இட்லியைச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே ஜெபித்தேன். அவள் உள்ளே சாப்பிட்ட வயிறோடு இருக்கிறாள் என்ற நினைப்பே எனக்குப் பெரிய சமாதானமாக இருந்தது.

தேறப் பதினைந்து வேண்டும். ஜெனி பத்தொன்பது வாங்கினாள். காவ்யாவும் தேறினாள். இருவரும் இப்போது மற்றவர்களோடு ஒரே வகுப்பில் கணக்கு படிக்கிறார்கள். "மனசிலாயோ?" என்று கேட்டால் "இல்ல மிஸ்" என்று முதலில் கை தூக்குவது என் மகள்தானாம். நான் கொண்டுபோன காலிப் பை, நிறைய மாம்பழத்தோடு சூரியநெல்லிக்குத் திரும்பி வந்தது.

உபவாசத்தை நான் விடவில்லை, இப்போதும் இருக்கிறேன். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளையை அதில் சேர்ப்பதில்லை. எங்கள் சபையில் உபவாச நாளன்று தேர்வு இருக்கிற பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைத்துக் கொடுப்பது இப்போது என் ஊழியம். சரஸ்வதியம்மாவுக்காகவும் அந்த வீட்டுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். என் ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பிய கை அவருடையது.

பிள்ளையின் பாடத்தை நினைத்துக் கலங்கி நிற்கும் தாயே, தகப்பனே, அவரை நம்பிக் கேளுங்கள். நீங்கள் கேட்கும்போதே அவர் யாரையோ எழுப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். கேட்டுவிட்டு எழுந்ததும் பிள்ளைக்குப் போன் போடுங்கள். சாப்பிட்டியா என்று முதலில் கேளுங்கள்.