மூன்றாம் மாடி யன்னல்

கமலாம்பிகை சீனாவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, சம்பளத்துக்கு. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், தெற்குச் சீனாவில் குளங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே இருந்த ஒரு கிராமத்துக்குக் காலையில் வான் வண்டியில் போய்ப் பின்னேரம் திரும்பி வந்தாள். அவ்வளவுதான் பயணம். அந்த ஒரு பகலில் நடந்ததை மகளைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொன்னதில்லை.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டில் மகள் நிலாணியுடன் இருந்தாள். கிழமையில் ஐந்து நாள் இரண்டு பஸ் மாறி மில்லிக்கனுக்குப் போய், மிஸிஸ் குவான் என்ற எண்பத்திரண்டு வயதுச் சீனத்து அம்மாவைக் குளிக்க வார்த்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, நடக்கப் பழக்குவாள். இடுப்பெலும்பு முறிந்து பொருத்தியிருந்தபடியால் மிஸிஸ் குவானுக்கு ஒருவர் பக்கத்தில் வேண்டியிருந்தது. கிழவிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஐம்பது சொல் என்றால் கமலாம்பிகைக்கு ஓர் இருநூறு. நான்கு வருடமாக அதை வைத்துத்தான் இருவரும் கதைத்தார்கள்.

வேலைக்குப் போன முதல் மாதம் மிஸிஸ் குவான் இவளுடைய நெற்றிப் பொட்டைக் காட்டிப் புருஷன் எங்கே என்று கேட்டாள்.

“இஞ்சை இல்லை” என்றாள் இவள்.

கிழவி தலையை ஆட்டினாள். “என்ரை ஆளும் அப்பிடித்தான். பதினாலு வருஷம் இஞ்சை இல்லை.”

பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கமலாம்பிகையின் கணவன் இரத்தினவேல் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்துகிறவன். 1986இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாமான் வாங்கக் கொழும்புக்கு என்று பஸ் ஏறினான். வவுனியாவுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை மறித்து ஆறு ஆண்களை இறக்கினார்கள். மறித்தது யார் என்று பஸ்ஸில் இருந்த ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது. இறங்கிய ஆறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை, ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் அலைந்துவிட்டு, பதினொரு வயது நிலாணியைக் கையில் பிடித்துக்கொண்டு கமலாம்பிகை கனடா வந்து சேர்ந்தாள். தாலியைக் கழற்றவில்லை. செத்த வீட்டுச் சடங்கு ஒன்றும் செய்யவில்லை. செய்தால் தானே அவனைக் கொன்றதாகிவிடும் என்று நினைத்தாள். வருடத்துக்கு இரண்டு தடவை, காணாமற்போனோரைத் தேடும் அலுவலகங்களுக்குக் கடிதம் போட்டாள். அவன் கனவில்கூட வந்ததில்லை.

அந்த வருடம் பனிக்காலம் முடிகிற நேரத்தில் மிஸிஸ் குவானுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் புதைகுழிகளைத் துப்புரவாக்கிப் படைக்கும் நாள் வரும். அந்த நாளில் பிறந்த ஊரில் நிற்கவேண்டும், கமலாம்பிகை வந்தால்தான் போவேன் என்றாள். மகன் ரேமன்ட் ரொறன்ரோவில் பிறந்தவன், நாற்பத்தைந்து வயது, பல் வைத்தியன், அமைதியான ஆள். தாத்தா பாட்டியின் கல்லறைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவன் மூன்று ரிக்கற் போட்டான். கமலாம்பிகையிடம் புதுக் கனடியப் பாஸ்போட் இருந்தது. ஒரு முத்திரையும் விழாத பாஸ்போட்.

ஹொங்கொங்கில் இறங்கி, ஒரு நாள் இளைப்பாறி, படகில் ஆற்றின் வழியே ஒரு சின்ன நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் விடிய வானில் கிராமத்துக்கு.

மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. மூங்கில் பற்றைகள் தெருவோரம் குனிந்து நின்றன. அந்த வயல்களுக்கு நடுவில், ஒரு பொருத்தமும் இல்லாமல், உயரமான கல்வீடுகள் நின்றன. மூன்று மாடி, நான்கு மாடி. வெள்ளைக்காரர் ஊர்த் தூண்கள், வளைவுகள், மேலே சீனக் கூரை. யன்னல்களுக்கு இரும்புக் கதவு.

“ஆக்கள் இருக்கினமோ?” என்று கமலாம்பிகை கேட்டாள்.

“ஒருத்தரும் இல்லை” என்றான் ரேமன்ட். “கனடா, அமெரிக்கா போன ஆக்கள் காசு அனுப்பிக் கட்டினது. கட்டி முடிய எல்லாரும் அங்கையே போயிட்டினம்.”

வான் ஒரு மீன் குளத்தின் கரையில் நின்றது. குவான் குடும்பத்து வீடு அதற்கு நேரே இருந்தது. சில்லுக்கதிரையை இறக்கி மிஸிஸ் குவானை அதில் இருத்திவிட்டு, குடை விரிக்க நிமிர்ந்தபோது, மூன்றாம் மாடி யன்னலில் ஓர் ஆண் நிற்பதைக் கமலாம்பிகை கண்டாள். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். இடது கையை யன்னல் நிலையில் ஊன்றி, வலது கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சரித்து நின்றான். தன் ரேடியோக் கடை வாசலில் நின்று தெருவைப் பார்க்கும்போது இரத்தினவேல் அப்படித்தான் நிற்பான்.

முகம் இருட்டில் இருந்தது. அவள் குடையை விரிக்காமலே நின்றாள். மழை அவள் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுப் பார்த்தபோது யன்னல் வெறுமையாக இருந்தது.

இவள் மழையில் அண்ணாந்து நிற்பதைக் கிழவி கண்டுவிட்டாள். இவள் பார்த்த திக்கைத் தானும் பார்த்தாள். பிறகு இவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்.

“பெரிய ஆளோ, சின்னப்பிள்ளையோ?”

என்ன கண்டாய் என்று கேட்கவில்லை.

“பெரிய ஆள்” என்றாள் கமலாம்பிகை.

கிழவியின் முகம் வாடிவிட்டது. பிடித்த கையை விட்டாள்.

“அப்ப உன்ரை ஆள்.”

வீட்டைப் பார்த்துக்கொள்கிற உறவுக்காரர் ஒருவர் திறப்புக் கோர்வையோடு வந்தார். உள்ளே பழைய மர வாசனையும் ஈரமும். சுவரில் மங்கிப்போன கண்ணாடி, ஓடாத மணிக்கூடு, சீலையால் மூடிய கதிரைகள். மேலே யாராவது இருக்கிறார்களா என்று ரேமன்டைக் கேட்கச் சொன்னாள் கமலாம்பிகை. உறவுக்காரர் சிரித்துக்கொண்டு படிக்கட்டைக் காட்டினார். இரண்டாம் மாடிக்கு மேலே படி இல்லை. கறையான் தின்று விழுந்து பல வருடம், பலகைகள் கீழே குவிந்து கிடந்தன. அந்த ஓட்டையின் கீழே நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே சாம்பல் நிற வெளிச்சம் தெரிந்தது.

“இஞ்சேருங்கோ” என்றாள், புருஷனைக் கூப்பிடுகிற குரலில். பதினொரு வருடமாக அவள் வாயில் வராத சொல். மேலே ஏதோ ஒன்று பலகையில் உரசிய சத்தம் கேட்டது. புறாவாக இருக்கலாம் என்று ரேமன்ட் சொன்னான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் ஊருக்குப் பின்னால் இருந்த குன்றுக்குப் போனார்கள். தாத்தா பாட்டி கல்லறைக்கு ஊதுபத்தி கொளுத்தி, கோழியும் பழமும் வைத்துக் கும்பிட்ட பிறகு, கிழவி இன்னும் மேலே போகவேண்டும் என்று கையைக் காட்டினாள். ரேமன்டும் வான்காரனும் சில்லுக்கதிரையைத் தூக்கிக்கொண்டு ஏற, உறவுக்காரர் படையல் பையோடு பின்னால் வந்தார். மேலே லிச்சி மரத் தோட்டம் போட்டிருந்தார்கள். கல்லறை ஒன்றும் இல்லை. கிழவி இந்த மரத்தைப் பார்த்தாள், அந்த மரத்தைப் பார்த்தாள். பிறகு ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். அது சரியான இடந்தானா என்று அவளுக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

மடியில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து எடுத்தாள். ஆறு வயதுப் பிள்ளையின் அளவு. மில்லிக்கன் பிளாஸாவில் கமலாம்பிகை வாங்கிக் கொடுத்ததுதான். பேத்தி யாருக்கோ என்று நினைத்திருந்தாள்.

கிழவி மகனுக்குத் தங்கள் பாஷையில் சொல்லத் தொடங்கினாள். நீண்ட நேரம் சொன்னாள். ரேமன்ட் ஈர மண்ணில் குந்திவிட்டான். பிறகு கமலாம்பிகையின் பக்கம் திரும்பி, யாரோடாவது சொல்லவேண்டும் என்பதுபோல இங்கிலீஷில் சொன்னான். அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள். அப்பா ரொறன்ரோவில் உடுப்புத் தோய்க்கும் கடை வைத்திருந்த காலத்தில், சீனர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் கனடாச் சட்டம் விடவில்லை. யப்பானோடு சண்டை வந்து காசு வருவதும் நின்றுபோனது. 1943இல் பஞ்சம். ஆறு வயதுப் பிள்ளை பசியில் செத்துப்போனது. சின்னப்பிள்ளைகளுக்குக் கல் வைக்கிற வழக்கம் இல்லை என்பதால் அம்மா தனியே கொண்டுவந்து இங்கே குழி தோண்டித் தாட்டாள். அப்பா சாகும்வரைக்கும், பிள்ளை எப்படிச் செத்தது என்று அவருக்குச் சொல்லவில்லை. காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தாள்.

“எனக்கு நாற்பத்தைஞ்சு வயசு” என்றான் ரேமன்ட். “இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்.”

சப்பாத்தை மண்ணில் வைத்து, நெருப்பு மூட்டி, எரித்தால் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்று கடுதாசியில் செய்த சட்டைகளை ஒவ்வொன்றாக அதில் போட்டாள் கிழவி. அழவில்லை. எல்லாம் முடிந்ததும் உறவுக்காரரின் பையைத் துழாவி இன்னொரு கடுதாசிச் சட்டையை எடுத்தாள். பெரிய ஆளுக்கானது, நீலம். அதைக் கமலாம்பிகையிடம் நீட்டினாள்.

“பேர் எழுது. பேர் இல்லாட்டி வேறை ஆக்கள் எடுத்துப் போடுவினம்.”

ரேமன்ட் பேனா கொடுத்தான். கமலாம்பிகை மரத்தில் வைத்து எழுதினாள். இரத்தினவேல். இத்தனை வருடமும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் காணாமற்போனவர் என்றும் எழுதித்தான் பழக்கம். தனிப் பெயரைப் பார்க்க அது யாரோ வீட்டில் இருக்கிற ஆளின் பெயர்போல இருந்தது.

“ஆள் உயிரோடை இருந்தால்?” என்று கேட்டாள்.

கிழவி யோசித்தாள். “அப்ப வெறும் கடுதாசி.”

நெருப்பு அணையப் போகிறது என்று ரேமன்ட் ஒரு குச்சியால் கிளறிவிட்டான். அவள் சட்டையை நெருப்புக்கு மேலே பிடித்தாள். விரலில் சூடு பட்டது. பிறகு கையை இழுத்து, சட்டையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

திரும்பி வரும்போது வான் குளக்கரையில் வளைந்தது. கமலாம்பிகை மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மூன்றாம் மாடி யன்னலின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. பிணைச்சல் துருப்பிடித்து, கொடி ஒன்று குறுக்கே படர்ந்திருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்த மறுநாள், பெட்டியையும் கைப்பையையும் வெறுமையாக்கிய நிலாணி அந்தக் கடுதாசிச் சட்டையைக் கண்டாள்.

“இதென்னம்மா, அப்பான்ரை பேர் எழுதியிருக்கு?”

கமலாம்பிகை எல்லாவற்றையும் சொன்னாள். நிலாணிக்கு அப்போது பத்தொன்பது வயது, யூனிவேர்சிற்றி முதலாம் ஆண்டு.

“அம்மா, உது ஜெட்லாக். லைக், நித்திரை இல்லாட்டி ஆக்களுக்கு உப்பிடித் தெரியும்” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் சட்டையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “அவர் என்ன சேட்டுப் போட்டிருந்தவர்?”

“வெள்ளை. அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அண்டைக்கு அவர் நீலச் சேட்டெல்லே போட்டுக்கொண்டு போனவர்.”

நிலாணி நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்லையம்மா. வெள்ளை. நீலத்தை நீங்கள் தோய்ச்சுக் கொடியிலை போட்டிருந்தனீங்கள், காயேல்லை. அப்பா ஏசிப்போட்டு வெள்ளையை எடுத்துப் போட்டவர். கைப் பொத்தானை நான்தான் பூட்டிவிட்டனான்.”

“வடிவாத் தெரியுமோ பிள்ளை?”

“ஓம். ஒரு பொத்தான் வெடிச்சிருந்தது. அதுவும் தெரியும்.”

கமலாம்பிகை கட்டிலில் இருந்தாள். பதினொரு வருடம். எத்தனையோ கடிதம், எத்தனையோ படிவம். ஒவ்வொன்றிலும் கடைசியாக அணிந்திருந்த உடை என்ற இடத்தில் நீலச் சேட்டு என்று எழுதியிருந்தாள். காணாமற்போனோரைத் தேடுகிற எல்லோரும், ஒருவேளை யாராவது உண்மையாகத் தேடியிருந்தால், நீலச் சேட்டுப் போட்ட ஒருவனைத்தான் தேடியிருப்பார்கள்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் என்ன எழுதுறீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.”

அவர்கள் இருவரும் இரத்தினவேலைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. பகல் முழுவதும் கதைத்தார்கள். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது.

அடுத்த கிழமை, மில்லிக்கனில் கிழவி மத்தியானம் கண்ணயர்ந்த நேரங்களில், குசினி மேசையில் இருந்து கமலாம்பிகை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் திருத்தக் கடிதம் எழுதினாள். வெள்ளைச் சேட்டு, வலது கைப் பொத்தான் உடைந்தது. மிஸிஸ் குவான் எழும்பி வந்து பக்கத்தில் இருந்து, என்ன ஏது என்று கேட்காமல், முத்திரைகளைத் தண்ணீர் தொட்டு ஒட்டினாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

“ரொறன்ரோவுக்கு வந்தாரோ?”

“இல்லை” என்றாள் கமலாம்பிகை. அது உண்மை அல்ல. பஸ் தரிப்பில், பிளாஸா வாசலில், இரத்தினவேல் நிற்பதை அவள் இரண்டு மூன்று தடவை கண்டிருந்தாள். வெள்ளைச் சேட்டுத்தான். ஒரு தடவையும் முகம் தெரியவில்லை. பயம் இருக்கவில்லை. பஸ் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மிஸிஸ் குவான் அடுத்த தை மாதம் நித்திரையிலே போய்விட்டாள். சவச்சாலையில் சீனத்து முறைப்படி எல்லாம் நடந்தது. ரேமன்ட் கமலாம்பிகையைக் குடும்பத்தோடு முன் வரிசையில் இருக்க வைத்தான். செத்துப்போன அக்காவின் பெயரையும் அம்மாவின் கல்லறைக் கல்லில் சேர்த்து வெட்டச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். கமலாம்பிகைக்குச் சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கல் நட்ட பிறகு போய், எது அந்தப் பெயர் என்று ரேமன்டைக் கேட்டு, கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்திருந்தாள்.

திருத்தக் கடிதங்களுக்கு இரண்டு பதில் வந்தது. விபரம் பதிந்துகொள்ளப்பட்டது என்று ஒரே மாதிரியான இரண்டு வரி. 1999இல் நிலாணிக்கு வேலை கிடைத்து, தாயும் மகளும் ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் சின்ன வீடொன்றுக்குப் போனார்கள். சாமான் ஏற்றுவதற்கு முதல் நாள், கமலாம்பிகை தபால் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று, புது விலாசத்தைப் பதிந்தாள். எத்தனை பேருடைய பெயருக்கு வரும் தபாலை மாற்றவேண்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

“மூண்டு பேர்” என்றாள் கமலாம்பிகை.