ஸ்டேஷன் ஏரி, ஸ்டேஷன் ஆரி

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். நான் அடித்த கடிதத்தைத் தலைமை குமாஸ்தா உரக்க வாசிப்பார். நான் கைப்பிரதியோடு ஒப்பிடுவேன். அவரை எல்லோரும் சேட்டன் என்போம்.

இந்த இங்கிலீஷ் இருக்கிறதே, மகா கள்ளி! வெயில் மழையும் 'வெதர்', ஆமாவா இல்லையா என்பதும் 'வெதர்'. ஒன்றுக்கு மற்றதை அடித்திருந்தால் கேட்கிற எனக்கு எப்படித் தெரியும்? தப்போடு கடிதம் லண்டன் போய்விடும். அதற்காகச் சேட்டன், இருக்கிற எழுத்தையெல்லாம் ஒலித்து வாசிக்க ஆரம்பித்தார். வெயில் மழை 'வெ-ஆ-தர்', மற்றது 'வ்-ஹெ-தர்'. காகிதம், பேனா என்றால் 'ஸ்டேஷன் ஏரி'. நகராமல் நிற்கும் லாரி 'ஸ்டேஷன் ஆரி'. அப்புறம் ஒரு தப்பும் போகவில்லை. எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. வாயில் வராத எழுத்தை எதற்கு எழுதி வைத்தார்கள்? கடைப் போர்டையெல்லாம் அப்படியே வாசித்துத் திரிந்தேன்.

எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆபீஸில் ஸ்டெனோ இன்டர்வியூ வந்தது. நிரந்தர வேலை. வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். மிளகு சீசன் முடிந்தால் இந்த வேலை இருக்குமோ இருக்காதோ. படகேறிப் போனேன். ஒரு கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். பயத்தில் வாய் பழகிய வழியே போயிற்று. "வெ-ஆ-தர்" என்றதும் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அடுத்து 'ஐலண்ட்' வந்தது; "ஐஸ்லண்ட்" என்றேன்.

"அதெவிடெயா?" என்றார் இன்னொருவர்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீருக்கு அப்பால் தெரிந்த தீவைக் காட்டி, "அதோ, அதான் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டைப் அடிக்கச் சொல்லவே இல்லை.

"எந்தாயி மோளே? கிட்டியோ?" என்றார் சேட்டன் மறுநாள்.

"கிட்டும், நன்னா கிட்டும்! உங்க ஸ்டேஷன் ஏரியில என்னைத் தள்ளி விட்டுட்டேள்!" என்று பொரிந்து தள்ளினேன்.

சாயங்காலம் அவர் கடிதத்தை எடுத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சுத்தமாக வாசித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இதென்ன சேட்டா?"

"அடுத்த இன்டர்வியூ வரும் அல்லே? அதினு முன்னே நின்றெ வாய் நேராகட்டே."

நான் போய்விட்டால் திண்டாடப் போவது அவர்தான்.

உறையில் போடும்போதுதான் பார்த்தேன். ஒரு 'வெதர்' மாறியிருந்தது. அவர் கண்ணுக்கும் என் காதுக்கும் தப்பிவிட்டது. அவர் சாயா குடிக்கப் போன நேரத்தில் திருத்தி மறுபடி அடித்து வைத்தேன்.