பூசையில் வைத்த கைப்பிடி

மின் கேபிள் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். என் படிப்பு கொஞ்சம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். முருகன் துணை.

1. முதல் பாடம்

மலையடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் இருந்த பஞ்சாலை அது. அருவித் தண்ணீரில் சுழலும் டைனமோ மேலே பவர் ஹவுஸில். அங்கிருந்து மில் வரை பள்ளம் வெட்டிக் கேபிள் புதைத்தோம். உள்ளே செம்பு, அதன்மேல் எண்ணெயில் ஊறிய காகிதம், அதற்கும் மேல் ஈயம். மாட்டுவண்டியில் கேபிள் உருளை வந்திறங்கிய அன்றே பட்டணத்துப் போர்மேன் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"கேபிளுக்கு ரெண்டு முனை இருக்குதுப்பா. உன் முனையை மட்டும் பார்த்தா நீ பொணம்."

மில் பக்கம் கேபிளிலோ பலகையிலோ கை வைக்க வேண்டும் என்றால் பவர் ஹவுஸ் சுவிட்சை அணைத்து, அதன் மரக் கைப்பிடியைக் கழற்றி, ஓர் ஆள் கீழே கொண்டுவர வேண்டும். கைப்பிடி இல்லாமல் மேலே யாரும் சுவிட்சைப் போட முடியாது. அது நம் கைக்கு வந்த பிறகுதான் செம்பைத் தொடலாம். இதுதான் பாடம்.

எங்களில் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டவன் ஆறுமுகம். ராதாபுரம் பக்கம் பனங்காட்டில் பிறந்தவன். ஆற்றைக் கண்டால் விடமாட்டான்.

"ஏலே, மீனே கரையேறிட்டு. நீ இன்னும் தண்ணிக்குள்ள கெடக்கியே" என்பேன்.

"எங்க ஊர்க் கெணத்துல தண்ணி தெரியவே எட்டிப் பாக்கணும், அண்ணாச்சி. கெடைக்கும்போது குளிச்சுக்கிடுதேன்" என்பான்.

வேலையில் விளையாட்டே கிடையாது. யாராவது அவசரப்பட்டால், "தொடாதலே. ஒம் பொஞ்சாதி தாலி அந்தக் கைப்பிடியிலதான் தொங்குது" என்று அதட்டுவான்.

2. ஆயுத பூசை

அன்று மில் ஓடவில்லை. நான் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் ஆற்றில் முழுகிவிட்டு, ஈர வேட்டி சொட்டச் சொட்ட, சந்தனக் கிண்ணத்தோடு வந்தான். மில்லுக்குள் இருந்த சுவிட்ச் பலகைக்குப் பொட்டு வைக்கப் போனான்.

"கைப்பிடி வரலையேலே?"

"அது மேல பூசையில இருக்கு அண்ணாச்சி. நானே கழுவி, சாமி முன்னால வச்சிட்டுத்தான் எறங்குனேன். பூசையில வச்ச ஆயுதத்தை நாளைக்கு முன்னால எவன் தொடுவான்?"

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். கல்வெட்டுகிறவன் உளியையும் எழுதுகிறவன் பேனாவையும் மறுநாள்தான் எடுப்பார்கள். நான் கயிற்றை முடிந்தேன். அவன் உள்ளே போனான்.

போர்மேன் ஊர் வழக்கம் வேறு. தீபாராதனை முடிந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கி, யந்திரத்தை ஒரு தரம் ஓட்டி, விளக்கேற்றிப் பார்ப்பது அவர்களுக்கு மங்களம். மேலே பவர் ஹவுஸில் அவர் கைப்பிடியைப் பக்தியோடு எடுத்து மாட்டி, சுவிட்சைப் போட்டிருக்கிறார்.

பட்டப்பகலில் என் தலைக்கு மேல் வாசல் விளக்கு எரிந்தது.

நான் உள்ளே ஓடினேன். பலகையின் பின்புறம், மின்சாரம் ஓடும் செப்புக் கட்டையில் பாதிப் பொட்டு இருந்தது. ஆறுமுகம் கீழே கிடந்தான். வேட்டி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

3. அவள் கேட்டது

போர்மேன் கற்பூரம் மணக்கும் கையோடு ஓடிவந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரை நான் வையவில்லை. அவரும் சாமி கும்பிட்டார், இவனும் சாமி கும்பிட்டான். நடுவில் ஒரு சொல் போய்ச் சேரவில்லை.

ஆறுமுகத்தின் மனைவி செல்லம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கைப்பிடி எங்க இருந்துச்சு அண்ணாச்சி?"

"சாமிகிட்ட இருந்துச்சும்மா."

"ஒங்ககிட்ட இருந்திருக்கக் கூடாதா?"

அதன் பிறகு வேலை பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆயுத பூசைக்கும் கைப்பிடி கீழே வந்தாக வேண்டும் என்று வைத்தேன். "ஆயுதத்தைச் சாமிகிட்ட இருந்து பிரிக்கலாமா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். சாமி காக்கும், நம் கையில் இருப்பதை நாம்தான் காக்க வேண்டும் என்றேன்.

செல்லம்மாள் அதே மில்லில் நூல் சுற்றப் போனாள். ஒவ்வொரு ஆயுத பூசை அன்றும் காலையில், நான் பவர் ஹவுஸிலிருந்து இறங்கும் பாதையில் வந்து நிற்பாள். நான் துண்டை விலக்கி, இடுப்பில் செருகியிருக்கும் கைப்பிடியைக் காட்டுவேன். பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் பார்த்துப் போன பிறகுதான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுப்போம்.